ஆக்கியோனும் ஆணையும்: வழக்குரை காதை பற்றிய ஒரு மறு நோக்கு

சட்டத்தை இயற்றுவோர் அச்சட்டத்துக்குத் தாமும் கட்டுப்பட்டவரா என்னும் வினா எழும்போது, தமிழாசிரியர்களாகிய நாம் விடையாகக் காட்டுவது சிலப்பதிகாரப் பாண்டியனையே. பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்றுக் கோவலனைக் கொல்வித்த அவன், கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்த அளவில், குற்றவாளி தானே என உணர்ந்து வீழ்ந்து மாய்ந்தான். ஆதலின் தமிழ் வேந்தன் தன் நீதிக்குத் தானே பணிந்தான் என்று முடிவு கூறி, அடுத்த பாடத்துக்குச் சென்று விடுகிறோம். அம்முடிவு பாதி உண்மையே என்பது என் கருத்து.

அவ்வழக்கைத் தீர்த்தவர் யார்? கண்ணகி முறையிடச் சென்றது தவறிழைத்தவனிடமே. குற்றம் சாட்டப்பட்டவனும் நடுவனும் ஒருவனே. அவன் மனம் கல்லாய் இருந்து, அவளை வெளியேற்றுக என வாயிலோனுக்கு ஆணையிட்டிருந்தால், அதனைத் தடுக்க அவ்வவையில் எந்த அதிகாரம் இருந்தது? பெரியபுராணத்து மனுநீதிச் சோழன் வரலாறும் இத்தகையதே. இளவரசனைத் தேர்க்காலில் இடும் பணியை ஏற்ற அமைச்சன் அதனைச் செய்யமாட்டாது தன் உயிரை விட்டான். பின்னர் மன்னனே தேரைச் செலுத்த வேண்டியதாயிற்று. இவ்விரு மன்னரும் உயர்ந்தோர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர்களைக் கட்டியது அவர்தம் மனச்சான்றே, சட்டமன்று.

மனச்சான்று ஒருவனோடு பிறந்து அவனோடு மறைவது. பாண்டியன் மறைந்தபின் எஞ்சியது யாது? வஞ்சிக் காண்டத்து நீர்ப்படைக் காதையை நோக்குக. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், பொற்கொல்லர் ஆயிரவரை ஒரே பகலில் பத்தினிக்குப் பலியிட்டான் என மாடலன் சேரனிடம் கூறுகிறான். ஆராயாது ஒருவனைக் கொன்றதற்காக ஒரு மன்னன் உயிர் நீத்தான். அவனுக்குப் பின் வந்தவனோ ஆயிரவரைக் கொன்றான். களவு செய்தவன் ஒருவன். மாண்டதோ அத்தொழில் செய்தோர் ஆயிரவர். முன்னவன் மாண்பு பின்னவனைச் சிறிதும் கட்டவில்லை. வழக்குரை காதையைக் கற்பித்து, இதனைக் கற்பியாது விடுவது காப்பியத்துக்குச் செய்யும் நீதியாகாது.

இனி நம் நாட்டைக் காண்போம். நாடாளுமன்றத்தில் பேசிய பேச்சுக்காக உறுப்பினர் மீது வழக்குத் தொடரலாகாது என்பது அரசியலமைப்பின் 63ஆம் பிரிவு தரும் காப்பு. 1971ஆம் ஆண்டுத் திருத்தம் அக்காப்பிலிருந்து தேச நிந்தனைக் குற்றத்தை விலக்கியது. சட்டம் இயற்றுவோர் தம்மைத் தாமே கட்டிக்கொண்டனர். 1978 அக்டோபரில் சபா மாநிலத்து உறுப்பினர் மார்க் கோடிங், சீன, தமிழ்ப் பள்ளிகளை மூட வேண்டும் எனவும், அரசியலமைப்பு அதற்குத் தடையாயின் மொழி பற்றிய 152ஆம் பிரிவையே திருத்த வேண்டும் எனவும் மக்களவையில் பேசினார். வழக்கு நீதிமன்றம் ஏறியது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதெனினும், அவர் சிறை செல்லாது நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கப்பட்டார்.

இதில் நாம் ஊன்றிக் கற்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. குற்றமாகக் கொள்ளப்பட்டது 152ஆம் பிரிவைத் திருத்தக் கோரியதே. பள்ளிகளை மூடச் சொன்னது அன்று. நம் பள்ளிகளை அச்சட்டம் காத்தது என எண்ணுவோர் தீர்ப்பைப் படித்தாரல்லர். மேலும், ஒருவர் நாவைக் கட்டிய கயிறு, நாளை நமக்காகப் பேச எழும் உறுப்பினரின் நாவையும் கட்டும். எனவே சட்டம் இயற்றுவோர் கட்டுண்டிருத்தல் வேண்டும் என்பது மட்டும் போதாது. எதனால் கட்டுண்டனர் என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

1993ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் ஒருபடி சென்றது. மலாய் ஆட்சியாளர் தம் தனிப்பட்ட செயல்களுக்கு வழக்கிலிருந்து பெற்றிருந்த விலக்கு நீங்கியது. அத்தகைய வழக்கை விசாரிக்க 182ஆம் பிரிவின்படி ஐவர் கொண்ட சிறப்பு நீதிமன்றம் அமைந்தது. வழக்குத் தொடரச் சட்டத்துறைத் தலைவரின் இசைவு வேண்டும். வாயில் அகலத் திறந்ததன்று. எனினும் தவறிழைத்தவரிடமே முறையிட வேண்டிய நிலை மாறியது. மதுரையில் இல்லாதிருந்தது இதுவே.

தானே தன்னைத் தண்டித்துக்கொள்ளும் தலைவன் அரியன். அவனைப் போற்றுவது அறம். அவனையே நம்பி நாட்டை அமைப்பது அறியாமை. பாண்டியன் கதையைத் தோட்டப் பள்ளிச் சிறுவர்க்குச் சொல்லும்போது, "மன்னன் நல்லவன் அல்லனாயின் கண்ணகி யாரிடம் சென்றிருப்பாள்?" என்ற வினாவையும் சேர்த்துக் கேட்போமாக. அவ்வினாவுக்கு விடை தேடும் மாணவன் இலக்கியத்தோடு குடிமையும் கற்றவனாவான்.