வாசலில் நிறுத்தப்படுகிறவள்

2023 செப்டம்பர் 10ஆம் தேதி பனையூரில் நடந்த ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ இசை நிகழ்ச்சியைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஆகஸ்ட் 12ஆம் தேதி நடக்கவிருந்து, மழையால் தள்ளிப்போன நிகழ்ச்சி அது. டிக்கெட் வாங்கியும் உள்ளே போக முடியாமல் திரும்பியவர்கள், நெரிசலில் சிக்கிய குழந்தைகள், கூட்டத்தில் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாக எழுதிய பெண்கள் என்று பல நாட்கள் அதே பேச்சு. ஏற்பாட்டு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. உள்ளே வர முடியாதவர்களை டிக்கெட் நகலோடு குறைகளை அனுப்பச் சொன்னார் ரஹ்மான். தாம்பரம் மாநகரக் காவல்துறை விசாரித்தது.

கலைஞர், ஏற்பாட்டாளர், ரசிகர் ஆகிய மூன்று தரப்பைச் சுற்றியே அந்த விவாதம் நடந்தது. பொதுவாகவே நம் இசை நிகழ்ச்சி விவாதங்கள் வேலை செய்கிறவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை. மேடை கட்டுபவர், கேபிள் இழுப்பவர், நுழைவாயிலில் டிக்கெட்டை ஸ்கேன் செய்பவர் என்று ஒரு பெரிய கூட்டத்தின் உழைப்பில்தான் ஓர் இரவு நிகழ்ச்சி நடந்து முடிகிறது. அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்பவள் சம்பளமில்லாத இன்டர்ன்.

விஸ்காம் மாணவர்களின் இன்டர்ன்ஷிப் அறிக்கைகளைத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. நேரடி இசை நிகழ்ச்சிகளில் பயிற்சிக்குப் போனவர்களின் அறிக்கைகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று புலப்படும். பையன்களின் அறிக்கையில் கருவிகளின் பெயர்கள் இருக்கின்றன: கன்சோல், மானிட்டர், டிரஸ், டிம்மர். சவுண்ட் செக்கில் என்ன தவறு நேர்ந்தது, எப்படிச் சரிசெய்தார்கள் என்றும் எழுதியிருப்பார்கள். பெண்களின் அறிக்கையிலோ ‘கோஆர்டினேஷன்’, ‘ஹாஸ்பிடாலிட்டி’ என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கிரீன் ரூமில் தண்ணீர் பாட்டில் வைத்தது, கலைஞருக்குச் சாப்பாடு வந்துவிட்டதா என்று பார்த்தது, விஐபி வரிசையில் சிரித்த முகத்தோடு நின்றது, பெண்கள் வரிசையைச் சமாளித்தது.

இவையும் வேலைகள்தான். விருந்தோம்பலோ கூட்டத்தைக் கையாளுவதோ எளிதல்ல. ஆனால் வீட்டில் கூலியின்றிச் செய்துவந்த அதே வேலையைக் கழுத்தில் ஓர் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு மறுபடியும் கூலியின்றிச் செய்வதை எப்படிப் ‘பயிற்சி’ என்பது? இரண்டு மாதம் கழித்துப் பையனுக்குக் கன்சோலில் கை பழகிவிடுகிறது, அடுத்த நிகழ்ச்சிக்கு அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பெண்ணுக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கிறது. அடுத்த பருவத்தில் அவள் இடத்துக்கு இன்னொரு பெண் வருகிறாள்.

நான் வசிக்கும் பெரும்பாக்கத்திலிருந்து பார்த்தால் இந்த வடிகட்டல் இன்னும் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களை வாரியம் குடியமர்த்திய எட்டு மாடி பிளாக்குகள் இங்கே இருக்கின்றன. ஊரின் நடுவில் இருந்தவர்களை 20 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி வைத்திருக்கிறோம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆகவே நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துக்கோ நேரு உள்விளையாட்டரங்குக்கோ பகலில் காசில்லாமல் போய்விடலாம். நிகழ்ச்சி முடிந்து, பொருட்களை ஏற்றி, கணக்குப் பார்த்து வெளியே வரும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். அந்நேரத்து ஆட்டோ வாடகை, வீட்டுவேலைக்குப் போகும் அவளது அம்மாவின் ஒருநாள் கூலியைத் தொட்டுவிடும். பைக்கில் வந்து அழைத்துப்போக அப்பா இருக்கிற வீட்டுப் பெண்தான் கடைசிவரை நிற்க முடிகிறது. காசு முக்கியமில்லை, அனுபவம்தான் முக்கியம் என்று சொல்வது யாருக்குச் சுலபம் என்று இங்கிருந்து பார்த்தால் தெரியும்.

2018 ஜனவரியில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோதும், 2020இல் கானா பாடகி இசைவாணி பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றபோதும் மகிழ்ந்தோம். மகிழ வேண்டியவையே. ஆனால் மேடையில் பாடுவதற்கு ஒரு பெண் வந்துவிட்டாள் என்பதால் மேடைக்குப் பின்னால் எதுவும் தானாக மாறிவிடாது. அவள் குரலைச் சமன்செய்யும் கன்சோலில் யார் கை இருக்கிறது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

‘பெண் பிள்ளைகள் பாதுகாப்புக்காகத்தான் எட்டு மணிக்கே அனுப்பிவிடுகிறோம்’ என்பது அடிக்கடி கேட்கும் பதில். ஏழு மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சியில் எட்டு மணிக்கு வெளியேறுகிறவள் எதைக் கற்பாள்? கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் இயங்க அனுமதித்துத் தமிழ்நாடு அரசு 2019இல் பிறப்பித்த ஆணை, பெண்களை இரவு 8 மணிக்குமேல் பணியமர்த்த அவர்களின் எழுத்துபூர்வச் சம்மதத்தையும் போக்குவரத்து ஏற்பாட்டையும் நிபந்தனையாக வைத்தது. அந்த நிபந்தனையின் பொருள் வண்டி ஏற்பாடு செய் என்பதே. வண்டிச் செலவை மிச்சப்படுத்த அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கக் கூடாது.

சட்டம் இன்டர்னைக் கைவிடவில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஊதியம் பெற்றாலும் பெறாவிட்டாலும், தன்னார்வலரையும் பயிற்சியாளரையும் ‘ஊழியர்’ என்றே வரையறுக்கிறது. வேலை நிமித்தம் போகும் எந்த இடமும், வேலை தருபவர் ஏற்பாடு செய்த வண்டியும்கூடப் பணியிடம்தான். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். 10 பேருக்குக் குறைவாக இருந்தால் மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். ஆனால் வாட்ஸ்அப் செய்தி ஒன்றின்பேரில் வேலைக்குப் போனவள், தான் அங்கே வேலை செய்ததையே எதைக் காட்டி நிரூபிப்பாள்? சம்பளச் சீட்டு இல்லை, பணி ஆணை இல்லை. அவளிடம் டிக்கெட் நகல்கூட இல்லை.

ஆகவே கல்லூரிகள் இன்டர்ன்ஷிப்புக்குக் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை சில: வேலை நேரமும் உதவித்தொகையும் எழுதிய கடிதம், இரவில் வீடுவரை வண்டி, புகார்க் குழுவின் தொடர்பு எண், கன்சோல் பக்கம் நிற்க ஒதுக்கப்பட்ட நாட்கள். இவற்றுக்குப் பதில் சொல்லாத நிறுவனத்துக்கு மாணவிகளை அனுப்ப வேண்டியதில்லை. இரவு ஒரு மணிக்குத் தன் வாசலில் நிற்கும் பெண் எப்படி வீட்டுக்குப் போவாள் என்று யோசிக்காதவர்கள், பல்லாயிரம் பெண்கள் கூடும் மைதானத்தை எப்படித் திட்டமிடுவார்கள்?