கனி பழுக்கும் வரை யார் காத்திருப்பது? – வில்லியம் ஜேம்ஸும் மேனியாவும்

பைபோலார் உள்ள ஒருவர் மேனியாவின்போது "கடவுளைப் பார்த்தேன்" என்று சொன்னால் என்ன செய்வது? "மூளைக் கோளாறு, மாத்திரையைப் போடு" என்பது ஒரு பதில். "அருள் வந்திருக்கு, மாத்திரை எதுக்கு?" என்பது இன்னொன்று. ரெண்டும் பிடிக்காதவர்கள் பெரும்பாலும் வந்து சேருகிற இடம் வில்லியம் ஜேம்ஸ். எடின்பரோவில் அவர் ஆற்றிய உரைகள் 1902-இல் 'தி வெரைட்டீஸ் ஆஃப் ரிலிஜியஸ் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற புத்தகமாக வந்தன.

அதில் முதல் உரையிலேயே ஜேம்ஸ் அடித்துச் சொல்கிறார்: ஓர் அனுபவம் எங்கிருந்து வந்தது என்பதை வைத்து அதன் மதிப்பை முடிவு செய்யாதே. டமாஸ்கஸ் போகும் வழியில் புனித பவுல் கண்ட காட்சியை 'வலிப்பு நோய்' என்று சொல்லி ஃபைலை மூடுகிறவர்களைக் கிண்டலடிக்கிறார். வேரைப் பார்க்காதே, கனியைப் பார். நிரல் எழுதிப் பிழைக்கிற எனக்கு இது உடனே பிடிக்கிற வாதம். எழுதினவன் என்ன மூடில் எழுதினான்னு யார் பார்க்கறாங்க? ஓட்டிப் பார்த்துத்தானே ஏத்துக்கறோம்.

ஆனால் மேனியாவை வைத்து உரசினால் இந்த அளவுகோல் ரெண்டு இடத்தில் இடிக்கிறது.

முதலாவது, நோயிலும் ஒருவகை மறைஞான அனுபவம் வரும், ஆனால் அது தலைகீழானது, ஆறுதலுக்குப் பதில் அச்சம் தருவது என்கிறார் ஜேம்ஸ். மேனியா அப்படி இருட்டாக வருவதில்லை. ஜான் கஸ்டன்ஸ் என்ற புனைபெயரில் ஒரு நோயாளி எழுதிய 'விஸ்டம், மேட்னஸ் அண்ட் ஃபாலி' (1951) புத்தகத்தைப் பாருங்கள். மேனியாவில் எல்லாவற்றோடும் ஒன்றாகிவிட்ட பேரின்பம். மனச்சோர்வில் மீட்பே கிடையாது என்ற நரக பயம். ஜேம்ஸ் தனித்தனி வகையாகப் பிரித்து வைத்த ரெண்டும் இங்கே ஒரே மனிதரின் ரெண்டு பருவங்கள்.

இரண்டாவது இன்னும் முக்கியம்: கனியை எப்போது பறிப்பது? மேனியாவின் ஆரம்பத்தில் கனி இனிப்பாகத்தான் இருக்கும். பழைய பகையாளியைக் கட்டிப்பிடிப்பார், கேட்டவருக்கெல்லாம் கொடுப்பார், மூணு மணி நேரத் தூக்கம் போதும் என்பார். அடுத்து வேலையை ராஜினாமா செய்வார், சேமிப்பு கரையும். அதன் பிறகு வருகிற மனச்சோர்வில் உயிருக்கே ஆபத்து. கனி தெரிய மாதங்கள் ஆகும். முடிவோ இன்று ராத்திரியே எடுக்க வேண்டியிருக்கும்.

ஜேம்ஸுக்கு இந்த அவசரம் கிடையாது. மேனியாவுக்கு லித்தியம் கொடுத்துப் பார்த்ததை ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் எழுதியது 1949-இல்தான். 1902-இல் அது தத்துவக் கேள்வி. இன்றைக்கு அது மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி.

அதனால் கேள்வியை ரெண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது என் கட்சி. தூங்கினாரா, பணம் எங்கே போகுது, சாவைப் பற்றிப் பேசுகிறாரா? இவற்றுக்குப் பதில் தேட, கடவுள் நிஜமாகவே வந்தாரா என்று தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. "நீ பார்த்ததை நான் இல்லைங்கலை. இப்போ மாத்திரையைப் போட்டுட்டுத் தூங்கு" என்று வீட்டார் சொல்லலாம், மருத்துவரும் சொல்லலாம். பார்த்ததைக் கேலி செய்தால் அவர் காட்சியை விடமாட்டார், மருத்துவரைத்தான் விடுவார்.

அந்த அனுபவத்துக்கு என்ன அர்த்தம் என்பதை மனசு சமநிலைக்கு வந்த பிறகு அவரே உட்கார்ந்து யோசிக்கட்டும். ஜேம்ஸின் புத்தகம் அப்போது அவருக்கு உதவும்.