பனிமலைத் தடங்களும் நிறக் குறிகளும்

பனிச்சறுக்கு ஆடும் பொருட்டு வட அமெரிக்க மலைவாசஸ்தலங்களுக்குச் செல்லும் எவரும் அனுமதிச் சீட்டு வாங்கிய கையோடு தேடுவது மலையின் வரைபடத்தை. அதில் ஒவ்வொரு சறுக்குத் தடமும் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம் என்னும் குறிகளுள் ஒன்றைத் தாங்கி நிற்க, பச்சை புதியவர்க்கும், நீலம் ஓரளவு பழகியவர்க்கும், கறுப்பு தேர்ந்தவர்க்கும், இரட்டைக் கறுப்பு அவர்களிலும் துணிந்தவர்க்கும் உரியவை என்று பாகுபாடு செய்யப்பட்டிருக்கும். எத்தரத்தினர்க்கு எத்தடம் மிக உகந்தது என்று எழுதப்படும் வழிகாட்டி நூல்களும், வந்தவர்க்கு யோசனை கூறும் உள்ளூர் அனுபவஸ்தர்களும் இப்பாகுபாட்டையே அடியொற்றிப் பேசுகின்றனர். இம்முறையால் முறியாமல் தப்பிய கை கால்கள் மிகப் பல என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், நிலத்தைப் பற்றிய செய்தியாகப் பிறந்த இக்குறி நாளடைவில் மனிதனைப் பற்றிய தீர்ப்பாக மாறிவிட்டது என்பதும், அம்மாற்றத்தால் மலையின் இன்பமும் க்ஷேமமும் ஒருங்கே குறைகின்றன என்பதும் என் அபிப்பிராயம்.

குறிகளின் பூர்வ சரித்திரம் அறியத்தக்கது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பனிச்சறுக்கு நிலையங்களின் தேசிய சங்கம் 1964ஆம் ஆண்டில் வகுத்த பொது முறையில் எளிய தடத்துக்குப் பச்சைச் சதுரமும், அடுத்ததற்கு மஞ்சள் முக்கோணமும், கடினமானதற்கு நீல வட்டமும், மிகுந்த எச்சரிக்கை வேண்டுவதற்குச் சிவப்பு வைரமும் விதிக்கப்பட்டிருந்தன. ஏறக்குறைய அதே காலத்தில், கலிபோர்னியாவின் மினரல் கிங் பள்ளத்தாக்கில் பெரியதொரு பனிச்சறுக்கு நிலையம் அமைக்க உத்தேசித்த வால்ட் டிஸ்னியின் நிறுவனம், எவ்வடிவமும் எந்நிறமும் காண்பவர் மனத்தில் எத்தகைய உணர்ச்சியை எழுப்புகின்றன என்று ஆராய்ந்து, இன்று நாம் காணும் வட்டத்தையும் சதுரத்தையும் வைரத்தையும் தெரிந்தெடுத்தது. 1968இல் சங்கம் அவற்றையே ஏற்றுக்கொண்டது. டிஸ்னி 1966இன் இறுதியில் காலமானார். பள்ளத்தாக்கைக் காக்க, இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான சியர்ரா கிளப் தொடுத்த வழக்கு 1972இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1978இல் அவ்விடம் செக்கோயா தேசியப் பூங்காவோடு சேர்க்கப்பட்டுவிட்டது. நிலையம் எழவேயில்லை, அதற்கென ஆராய்ந்த குறிகளோ கண்டமெங்கும் பரவின. இவ்வரலாற்றில் நாம் கவனிக்கவேண்டியது, ஆராயப்பட்ட பொருள் சரிவு அன்று, சரிவைப் பற்றிய குறியைக் கண்டவுடன் மனத்தில் தோன்றும் பாவமே என்பது. எச்சரிப்பதற்கென்று நடப்பட்ட கறுப்பு வைரம் வாலிபர் நெஞ்சில் அச்சத்தினும் ஆசையையே மிகுதியாக எழுப்பும் என்பதை அவ்வாராய்ச்சி எதிர்பார்த்திராது.

முறையின் குணங்களை முதலிற் கூறுதல் நியாயம். மேகம் இறங்கி, சில கஜ தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாத வேளையில், இரு தடங்கள் பிரியும் இடத்தில் நிற்பவனுக்கு நீண்ட எச்சரிக்கை வாசகத்தைப் படிக்க அவகாசம் ஏது? வட்டமும் சதுரமும் மொழியறியாதவனுக்கும் குழந்தைக்கும் கண்ட மாத்திரத்தில் விளங்குவன. நிறம் பிரித்தறியாத கண்ணினர்க்கும் வடிவம் துணை செய்கிறது. இத்தகைய சுருக்கமும் தெளிவும் எளிதில் கிடைப்பவை அல்ல.

ஐரோப்பாவிலோ குறிக்கு ஓர் அளவும் உண்டு. ஆஸ்திரியா, ஜெர்மனி நாடுகளின் நியமப்படி, குறுகிய சில பகுதிகள் நீங்கலாக, எளிதென்று கொள்ளப்படும் நீலத் தடத்தின் சாய்வு நூற்றுக்கு 25ஐயும், நடுத்தரமான சிவப்புத் தடத்தின் சாய்வு நூற்றுக்கு 40ஐயும் மிஞ்சலாகாது. அதற்கு மேற்பட்டது கறுப்பு. நூற்றுக்கு 40 என்பது 100 மீட்டர் கிடைத்தூரத்தில் 40 மீட்டர் இறங்குவது, அதாவது ஏறக்குறைய 22 பாகை. வட அமெரிக்காவிலோ ஒவ்வொரு மலையும் தன் தடங்களைத் தன்னுள்ளேயே ஒப்பிட்டுக் குறியிடுகிறது. ஆகவே வயோமிங் மாநிலத்து ஜாக்சன் ஹோல் போன்ற, தடங்களிற் பாதியைத் தேர்ந்தவர்க்கே உரியதாக்கிய ஒரு செங்குத்து மலையின் நீலம், சாதுவான வேறொரு குன்றின் கறுப்பைவிடக் கடினமாயிருத்தல் கூடும். அம்மலையினரே நீலத்துக்கும் கறுப்புக்கும் இடையில் இரட்டை நீலம் என்றொரு படியைச் சேர்க்க நேர்ந்தது. சொந்த ஊர்க் குன்றில் நீலத்தில் சரளமாக இறங்கியவன் அந்த நம்பிக்கையையே சுமந்துகொண்டு அங்கே போய் நின்றால், குறி அவனுக்குப் பொய் சொன்னதாகவே முடியும்.

இதைக் கொண்டு ஐரோப்பிய முறையே முழுச் செம்மை உடையதென்று முடிவு கட்டுவாரும் உளர். அவர்களோடு நான் உடன்படவில்லை. ஏனெனில் சாய்வு என்பது கஷ்டத்தின் ஓர் அம்சமே. இதற்குக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலுள்ள விஸ்லர் பிளாக்கோம்ப் என்னும் இரட்டை மலைகளைவிடத் தக்க சான்று எனக்குத் தெரியவில்லை. 1966இல் திறக்கப்பட்ட விஸ்லர் மலையும், 1980இல் திறக்கப்பட்ட பிளாக்கோம்ப் மலையும், இடையே 4.4 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பி வண்டியால் 2008இல் இணைக்கப்பட்டு, இன்று இருநூறுக்கும் மேற்பட்ட தடங்களோடு விளங்குகின்றன. கிராமம் இருப்பது கடல் மட்டத்துக்கு மேல் 675 மீட்டரில். விஸ்லரின் சிகரமோ 2,182 மீட்டரில். பசிபிக் கடலின் ஈரக்காற்று நேரே வந்து மோதும் மலைத்தொடர் ஆதலால், உச்சியில் உலர்ந்த புதுப்பனி பெய்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் அடிவாரத்தில் மழை பெய்வது அங்கே சாதாரணம். சிகரத்திலிருந்து க்ரீக்சைடு வரை இறங்கும் 'பீக் டு க்ரீக்' என்னும் நீண்ட நீலத் தடத்தை எண்ணிப் பாருங்கள்: இயந்திரம் கொண்டு சமன்செய்த மென்பனியில் ஆனந்தமாகத் தொடங்குபவன், நடுவழியில் கனத்த ஈரப்பனியையும், கீழே உருகி உறைந்த கட்டியையும், அவற்றோடு தன் தொடைகளின் சோர்வையும் சந்திக்கிறான். வரைபடமோ முழுத் தடத்துக்கும் ஒரே நீலத்தைத் தீட்டியிருக்கிறது. கோடையில் ஆற்றின் ஆழத்தை அளந்து பொறித்த கல் வெள்ளக் காலத்திலும் அந்த ஆழத்தையே கூறிக்கொண்டு நிற்பது போன்றதே இது.

இம்மலையிலேயே இதனினும் வலிய சான்று ஒன்று உண்டு. 2010ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்களில் ஆடவரின் வேக இறக்கப் போட்டி நடந்தது டேவ் மர்ரேயின் பெயர் தாங்கிய தடத்தில். 1970களில் கனடாவுக்காக உயிரைப் பணயம் வைத்துப் பந்தயம் ஓடிய வீரர் குழுவில் ஒருவராயிருந்து, பின்னர் விஸ்லரில் வயது வந்தவர்க்குச் சறுக்குப் பயிற்சி முகாம்கள் நடத்தி, 1990இல் அகால மரணமடைந்தவர் அவர். அப்பந்தயப் பாதையின் நீளம் ஏறக்குறைய 3,100 மீட்டர். இறக்கம் 850 மீட்டருக்குச் சற்று மேல். கணக்கிட்டுப் பார்த்தால் சராசரிச் சாய்வு நூற்றுக்கு 28 அல்லது 29தான் ஆகிறது. ஐரோப்பிய நியமத்தின்படி சராசரியை மட்டும் கொண்டு குறியிட்டால் கறுப்புக்கூட அன்று! பனியைக் கட்டியாக இறுகச் செய்து, அதன்மீது இரண்டு நிமிஷத்துக்குள் இறங்க முயலும்போதுதான் அப்பாதை பயங்கரமாகிறது. அவ்வாண்டு பிப்ரவரி 13ஆம் தேதி நடக்கவேண்டிய போட்டி, வெப்பத்தால் பனி இளகிய காரணத்தால் 15ஆம் தேதிக்கு ஒத்திவைக்கப்பட்டது. அன்று சுவிட்சர்லாந்தின் திதியே தெஃபாகோ நூறில் ஏழு பங்கு வினாடி வித்தியாசத்தில் நார்வேயின் ஸ்விந்தாலை வென்றார். நிலம் இரு நாட்களிலும் ஒன்றே. பந்தயம் நடக்கலாகாது என்பதும் நடக்கலாம் என்பதும் பனியைக் கொண்டு தீர்மானிக்கப்பட்டனவேயன்றிச் சரிவைக் கொண்டு அல்ல. உலகின் தலைசிறந்த வீரர்கள் விஷயத்தில் இவ்வளவு நுணுக்கமாகக் கவனிக்கப்படும் பனியின் தன்மை, முதன்முறை இறங்கும் எளியவன் விஷயத்தில் மட்டும் ஒரு வர்ணத்துக்குள் அடக்கப்பட்டு மறைந்துபோவது தகுமா?

புதியவர்க்கு இழைக்கப்படும் அநீதி என் மனத்தை மிகவும் வருத்துவது. பல மலைகளில் பச்சைத் தடம் என்பது அடிவாரத்து நெரிசலில், எல்லாத் தடங்களும் மாலையில் வந்து கலக்குமிடத்தில் இருக்கிறது. அல்லது ஒருபுறம் பள்ளமுள்ள ஒடுங்கிய சாலையாக இருக்கிறது. சாய்வு குறைவு என்பதால் அது எளிதென்று எழுதிவிடுகின்றனர். ஆனால் திரும்புவதற்கு இடமில்லாத ஒடுக்கமும், முதுகுக்குப்பின் வேகமாக வருபவரின் ஓசையும் கற்பவனை நடுங்கச் செய்வதுபோல் அகன்ற நீலச் சரிவு ஒன்று செய்யாது. விஸ்லரை இவ்விஷயத்தில் பாராட்டவேண்டும். அங்கே கற்பவர்க்கான இடம் அடிவாரத்தில் மட்டுமன்றி, கிராமத்திலிருந்து மேலேறும் கம்பி வண்டியின் இடைநிலையமான ஒலிம்பிக் ஸ்டேஷனிலும் அமைந்துள்ளது. அதனினும் மேலாக, மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே தொடங்கும் 'பர்ன்ட் ஸ்டூ' என்னும் பச்சைத் தடம் இருக்கிறது. 1958இன் கோடையில் அப்பக்கம் முகாமிட்டவர்களின் கறிக்குழம்பு தீய்ந்துபோனதால் ஏற்பட்ட பெயர் அது. கறுப்புத் தடத்தில் இறங்கும் வீரன் காணும் பனிச்சிகரங்களின் வரிசையை, நேற்று நிற்கக் கற்றவனும் அங்கிருந்து அதே கண்ணளவில் காணலாம். தரம் எதுவாயினும் மலையின் உச்சி எல்லோருக்கும் உரியது என்னும் கொள்கையை நிலத்திலேயே எழுதிக்காட்டிய தடம் அது என்பேன்.

குறி மனிதன்மேல் ஏறிக்கொள்வதுதான் எஞ்சிய பெருங்குறை. 'நான் நீலம்', 'அவள் கறுப்பு' என்று தங்களையே நிறத்தால் அழைத்துக்கொள்பவர், பழகாத கறுப்பில் இறங்கினால் கௌரவம், பச்சைக்குத் திரும்பினால் அவமானம் என்று எண்ணத் தலைப்படுகின்றனர். பச்சையில் நிதானமாக அப்பியாசம் செய்தால் மட்டுமே கைவரும் நுட்பங்களை இவ்வெண்ணம் தடுத்துவிடுகிறது. சறுக்குப் பலகை வாடகைக்குத் தருவோர் இவ்விஷயத்தில் எவ்வளவோ விவேகிகள்: விழும்போது காலணி பலகையிலிருந்து விடுபட வேண்டிய விசையை அமைக்க, உடல் எடை, உயரம், வயது, காலணியின் நீளம் இவற்றோடு, நிதானமாகச் செல்பவரா, நடுத்தரமா, வேகமும் செங்குத்தும் விரும்புபவரா என்று மூவகைப்படுத்திக் கேட்கின்றனர். எந்நிறத்தில் இறங்குவாய் என்பதைவிட எவ்வாறு இறங்குவாய் என்பதே காலைக் காப்பாற்றும் கேள்வி. பெருமைக்காகப் பொய் சொன்னால் விசை இறுகி, விடுபட வேண்டிய காலணி விடுபடாமற் போகும்.

நிறங்களை அழித்துவிட வேண்டுமென்று நான் கூறவில்லை. எந்தெந்தத் தடங்கள் இரவில் சமன்செய்யப்பட்டன என்று பெரிய நிலையங்கள் காலைதோறும் அறிவிக்கவே செய்கின்றன; அவ்வறிவிப்பு குறிக்கு அருகிலேயே, தடத்தின் தலைவாயிலிலேயே எழுதப்படலாம். தரவாரியாகத் தடங்களைச் சிபாரிசு செய்பவர்க்கும் இக்கடமை உண்டு. விஸ்லருக்குச் செல்லும் புதியவர்க்கு 'பர்ன்ட் ஸ்டூ' தடத்தையே நான் முதலிற் கூறுவேன். ஆனால் வானம் தெளிந்த காலையில், பனி சமன்செய்யப்பட்ட நாளில் மட்டும். மேகம் கவிந்துவிட்டால் மரங்களற்ற அவ்வெளியில் மேடும் பள்ளமும் ஒரே வெண்மையாகிக் கண்ணுக்குப் புலப்படா. அன்று அவர் மரங்கள் சூழ்ந்த கீழ்த்தடங்களில் தங்குவதே நலம். ஒற்றைப் பலகையில் சறுக்குபவராயின், இடையில் வரும் சமதரைகளில் பலகையைக் கழற்றிக்கொண்டு நடக்க நேரிடும் என்பதையும் முன்னரே சொல்லிவிடுவேன்.