கயத்தாறும் ஒட்டப்பிடாரமும்: பந்துலுவின் இரண்டு கணக்குகள்

கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாறு, 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். தென்கிழக்கே ஒட்டப்பிடாரம், வ.உ.சி. பிறந்த ஊர். இந்த இரண்டு கரிசல் மனிதர்களையும் இரண்டே வருட இடைவெளியில் திரைக்குக் கொண்டுவந்தவர் கோலார் பக்கத்துக் கன்னடக்காரர், பி.ஆர்.பந்துலு.

அவர் ஸ்டூடியோ முதலாளி அல்ல. பத்மினி பிக்சர்ஸ் என்ற சொந்தக் கம்பெனியை நம்பிப் படமெடுத்தவர். 'முதல் தேதி', 'தங்கமலை ரகசியம்' போன்ற கதைகளைத் தமிழ், கன்னடம் இரண்டிலும் எடுத்தார். கதை ஒன்று, வசூல் இரண்டு இடத்தில். கெட்டிக்காரக் கணக்கு.

'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) பிரம்மாண்டமான படம்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இறங்கிய சூதாட்டம் அல்ல. சிவாஜி அதை முன்பே நாடகமாக மேடையேற்றிக் கைதட்டல் வாங்கியிருந்தார். சக்தி கிருஷ்ணசாமியின் வசனத்துக்குக் கூட்டம் சேரும் என்பது தெரிந்த விஷயம். பந்துலு சேர்த்தது டெக்னிக்கலரும், ஜெய்ப்பூரில் எடுத்த போர்க்களமும். குறையும் அங்கேதான். மழை பெய்தால் காலில் அப்பிக்கொள்ளும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் படத்தில் இல்லை. மண்கோட்டைப் பாளையக்காரர் ராஜஸ்தான மகாராஜாவாகிவிட்டார். பழி விஷயத்திலும் படம் நியாயமாக இல்லை. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். படம் பார்த்தவர்கள் திட்டிக்கொண்டு போனதோ எட்டயபுரத்துப் பாளையக்காரரை. கெய்ரோ விழாவில் 1960இல் சிவாஜிக்குக் கிடைத்த விருது நடிப்புக்கானது. அதை வரலாற்றுக்கான நற்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வ.உ.சி.யைப் பற்றிய 'கப்பலோட்டிய தமிழன்' (1961) வேறு சாதி. ம.பொ.சி.யின் நூலை வைத்து, மேடையில் சோதித்துப் பார்க்காமலே எடுத்த படம். கதாநாயகன் வாள் எடுப்பதில்லை. கப்பல் கம்பெனிக்குப் பங்கு விற்கிறான், ஆலைத் தொழிலாளியின் கூலிக்காக நிற்கிறான், செக்கிழுக்கிறான். சிறை வாசலில் மாலையோடு கூட்டம் இல்லை. தொழுநோயால் உருக்குலைந்த தோழர் சுப்பிரமணிய சிவா நிற்கிறார், வ.உ.சி.க்கு அடையாளம் தெரியவில்லை. டி.கே.சண்முகமும் சிவாஜியும் குரலை உயர்த்தாமல் செய்த அந்தக் காட்சிக்கு ஈடாக, முந்தைய படத்தின் கிஸ்தி (வரி) வசனம் முழுவதையும் நான் விட்டுக்கொடுப்பேன். ஜெமினி–சாவித்திரி காதல் மட்டும் படத்துக்கு ஒட்டாத சதை; வியாபாரி பந்துலு அங்கே கொஞ்சம் பயந்திருக்கிறார். பயந்தும் பலனில்லை. தேசிய விருது வந்தது, போட்ட பணம் வரவில்லை.

பந்துலுவைத் துணிச்சல்காரர் என்று சொல்ல எல்லோரும் 'கர்ணன்' (1964) படத்தையும் குருக்ஷேத்திரத்தில் நிறுத்திய படையையும் காட்டுவார்கள். என் தீர்ப்பில் அது செலவின் துணிச்சல், அவ்வளவே. முடிவில் தோற்றுப்போகும் வ.உ.சி. என்ற வக்கீலின் கதைக்குச் சொந்தப் பணத்தைப் போட்டதுதான் தயாரிப்பாளராக அவர் செய்த பெரிய காரியம். அப்படி ஒன்றை அவர் மறுபடி செய்யவில்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். 'முரடன் முத்து'வோடு சிவாஜியைப் பிரிந்து எம்.ஜி.ஆரிடம் போனார். 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' வந்தது. அதிலும் கப்பல் உண்டு, கடற்கொள்ளைக் கப்பல். அது நன்றாக ஓடியது.