முதல் வாரத்தின் ருசி

எல்டன் ரிங் என்கிற வீடியோ கேமை ஆடியவர் யாரைக் கேட்டாலும் அந்தக் குதிரைவீரனைப் பற்றித்தான் முதலில் பேச்செடுப்பார். நிலவறையின் கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் லிம்கிரேவ் என்கிற நிலப்பரப்பு கண்முன் விரிகிறது. காற்றில் அலையும் புல், இடிந்து கிடக்கும் மண்டபங்கள், அத்தனைக்கும் பின்னால் வானத்தைப் பிடித்து நிறுத்தியிருப்பதுபோலப் பொன்னொளி வீசும் மாபெரும் மரம். சரிவில் நாலடி இறங்கினால் பாதையிலேயே அவன் வருகிறான். தலைமுதல் கால்வரை தங்கக் கவசம், குதிரைக்கும் அதே கவசம், கையில் ஆள் உயரத்தைத் தாண்டும் ஈட்டிக்கோடரி. பெயர் ட்ரீ சென்டினல். ஆட்டம் தொடங்கிச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும். நம் கையில் இருப்பதோ ஆரம்ப ஆயுதம். கிட்டே போனால் ஓரிரு அடியில் நம் கதை முடிந்துவிடும்.

வேறு எந்த கேமாக இருந்தாலும் முதல் எதிரி சோப்ளாங்கியாக இருப்பான். இந்த பட்டனை அமுக்கு, அந்த பட்டனை அமுக்கு என்று திரையில் எழுத்து வரும்; இரண்டு தட்டில் அவன் விழுவான்; ஆடுகிறவருக்கு நம்பிக்கை வரும். இங்கே முதல் பாடத்துக்கு வாத்தியாராக வைத்திருப்பது நம்மால் அப்போதைக்கு வெல்ல முடியாத ஒருவனை. திரையில் எச்சரிக்கை கிடையாது. ஆனால் கண் இருந்தால் போதும். அவன் ஒரு பாதையில் மெதுவாகப் போகிறான், திரும்பி வருகிறான். ஓரத்தில் மரங்கள் இருக்கின்றன, பதுங்கிப் போகப் புதர் இருக்கிறது. அவன் முதுகு தெரியும் நேரம் பார்த்து நழுவினால் எதிரே எல்லே தேவாலயத்தின் இடிந்த சுவர்கள். உள்ளே ஒரு வியாபாரி தீமூட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருக்கிறார். ஒதுங்கிப் போகலாம், பிறகு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்கிற அனுமதி ஒரு வார்த்தை பேசாமல் நமக்குக் கிடைத்துவிடுகிறது. அடுத்து வரப்போகும் நூறு மணி நேரத்துக்கான இலக்கணம் முழுவதும் அந்த ஒரு குதிரைவீரனுக்குள் இருக்கிறது என்பது என் தீர்மானமான எண்ணம்.

பிற்பாடு மெலினா என்கிற பெண் வந்து டொரன்ட் என்ற கொம்புள்ள குதிரையை நமக்குத் தருவாள். அதில் ஏறிக்கொண்டு பலர் நேரே அவனிடம்தான் திரும்பிப் போனார்கள். அவன் குதிரை எம்பிக் குதித்து ஈட்டியை மண்ணில் இறக்கும்போது பக்கவாட்டில் விலகி, அது தரையைத் தொட்ட கணத்தில் பின்புறமாக வளைந்து ஒரு வெட்டு, உடனே ஓட்டம். அதே வீரன்தான், அதே புல்வெளிதான். மாறியிருப்பது நாம். ஆரம்ப நாட்களில் ஆடியவர்கள் சொன்ன கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தவை, கடைசியில் அவனை வீழ்த்திய கதைகள்தான்.

2022 பிப்ரவரி 25 அன்று வெளிவந்த கேம் இது. செய்தவர்கள் ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர், வெளியிட்டவர்கள் பண்டாய் நாம்கோ. இயக்குநர் ஹிடேடகா மியாசாகி. டீமன்ஸ் சோல்ஸ், டார்க் சோல்ஸ், பிளட்போர்ன், செகிரோ என்று கடினத்துக்குப் பேர்போன வரிசை அவருடையது. கதை நடக்கும் உலகத்தின் பழம்புராணத்தை எழுதித் தந்தவர் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' புகழ் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். மூன்று வாரம் முடிவதற்குள் உலகம் முழுக்க 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் விற்றுவிட்டதாகப் பண்டாய் நாம்கோ அறிவித்தது. கணினி கேம் தளமான ஸ்டீமில் ஒரே சமயத்தில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கடினமான கேம்களுக்கென்று இருக்கும் சிறு கூட்டத்தைத் தாண்டி, இந்த வகையையே தொட்டிராதவர்களும் உள்ளே வந்தார்கள் என்பதற்கு அந்த எண்களே சாட்சி.

அவர்கள் எல்லோரையும் முட்டவைத்த சுவர் மார்கிட். நாம் இளைப்பாறும் 'கிரேஸ்' இடங்கள் பலவற்றிலிருந்தும் ஒரு பொன்னிற ஒளிக்கீற்று கிளம்பி, போகவேண்டிய திசையைக் காட்டும். அதை நம்பிக் குன்றேறிப் போனால் ஸ்டார்ம்வெயில் கோட்டையின் வாசலில் மார்கிட் குதித்து இறங்குவான். அவனுடைய கைத்தடியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கவேண்டும். ஓங்குகிறான், அடி வரப்போகிறது என்று நம் விரல் தானாக உருளும் பட்டனை அமுக்குகிறது. அவன் அடிக்கவில்லை. ஓங்கிய கை ஓங்கியபடியே ஒரு கணம் நிற்கிறது. நாம் உருண்டு எழுந்து நிற்கும்போதுதான் தடி இறங்குகிறது. பயத்தில் அமுக்குகிறவரைத் தண்டிப்பதற்காகவே செதுக்கிய அசைவு அது. கோல் எப்போது கீழே வருகிறது என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அவன் வழிவிடுவான். ஒரு அனிமேஷனில் இவ்வளவு யோசனை வைத்திருக்கிறார்களே என்று நான் வியந்தது அங்கேதான்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒளிக்கீற்று காட்டுவது போகக்கூடிய ஒரு வழிதானே தவிர, போயே ஆகவேண்டிய வழி கிடையாது. மார்கிட்டிடம் அடிவாங்கிச் சலித்தவர்கள் ஒளிக்கு முதுகு காட்டித் தெற்கே போனார்கள். அங்கே பாலத்தைக் கடந்தால் மழை தூறிக்கொண்டே இருக்கும் வீப்பிங் பெனின்சுலா. ஒரு தனிக்கோட்டை, குகைகள், கல்லறைச் சுரங்கங்கள் என்று முழுப் பிரதேசமே காத்திருக்கிறது. கதைக்கு அது கட்டாயமே இல்லை. அத்தனை உழைப்பையும் கொட்டிக் கட்டிவிட்டு, திரும்பிப் பார்க்கிறவர் மட்டும் பார்க்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் சுற்றி, வலுவேறித் திரும்பியவர்கள் மார்கிட்டை வேறு ஆளாக எதிர்கொண்டார்கள்.

மேப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆரம்பத்தில் அது வெறும் மங்கலான தாள். சாலையோரத்துக் கல்தூண்களில் இருக்கும் துண்டுகளை எடுத்தால்தான் அந்தந்தப் பகுதியின் ஓவியம் தெரியும். ஓப்பன் வேர்ல்ட் கேம்களில் வழக்கமாக மேப் முழுக்க அம்மை போட்டதுபோல ஐகான்கள் நிறைந்திருக்கும். ஒவ்வொன்றாக அழிப்பதே வேலையாகிவிடும். இங்கே ஓவியத்தில் ஒரு சிறு கோடாக வரைந்திருக்கும் இடிபாட்டைப் பார்த்து, அங்கே என்னவோ இருக்கும்போலிருக்கிறதே என்று நாமாகத்தான் குறித்துக்கொள்ளவேண்டும். இதைவிடப் பெரிய வித்தை, அந்த மேப்பின் எல்லையே நாம் போகப் போகத்தான் விரிகிறது. லிம்கிரேவே முக்கால் உலகம் என்று நினைத்திருந்தவர்கள், ஸ்டார்ம்வெயிலைத் தாண்டி லியுர்னியாவின் ஏரிகளைப் பார்த்த பிறகு மேப்பைத் திறந்து, தாங்கள் இதுவரை சுற்றியது ஒரு மூலையைத்தான் என்று கண்டுகொண்டார்கள்.

அந்த விரிவு பக்கவாட்டில் மட்டும் நிகழவில்லை. லிம்கிரேவின் கிழக்கே மிஸ்ட்வுட் என்றொரு காடு. மரங்களுக்கு நடுவே ஒரு பழைய வட்டக் கட்டடம், அதற்குள் ஒரு லிஃப்ட். ஏறி மிதித்தால் இறங்கத் தொடங்குகிறது. ஏதோ ஒரு சிறு நிலவறை என்று நினைத்துக்கொண்டு நிற்கிறோம். லிஃப்ட் நிற்கவில்லை. சுவர்கள் மேலே மேலே போய்க்கொண்டிருக்கின்றன; இன்னும் இறங்குகிறது. கேம் ஏதும் கோளாறாகிவிட்டதோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு இறங்குகிறது. கடைசியில் கீழே போய் வெளியே வந்து பார்த்தால், மண்ணுக்கடியில் ஒரு வானம். ஊதாவும் நீலமுமாக நட்சத்திரங்கள், அதன் கீழ் ஓடும் நதி, கரையெங்கும் யாரோ எந்தக் காலத்திலோ எழுப்பிய பெருந்தூண்கள். சியோஃப்ரா நதி. பின்னணி இசை உரக்க முழங்கி நம்மை வியக்கச் சொல்வதில்லை. பாத்திரங்கள் யாரும் வந்து பார்த்தாயா என்று கேட்பதும் இல்லை. அந்த லிஃப்டின் நீளம்தான் அங்கே கலை. பாதி நேரத்தில் கீழே கொண்டுபோய் விட்டிருந்தால் அந்த வானம் வெறும் அழகான படமாக முடிந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான அனுபவம் லிம்கிரேவின் அகீல் ஏரிக்கரையின் எரிந்த இடிபாடுகளில். நிலவறையில் ஒரு பெட்டி. ஆசையாகத் திறந்தால் புகை கிளம்பி, கண்ணை விழிக்கும்போது நாம் இருப்பது ஏதோ ஒரு சுரங்கம். அங்கிருந்து தப்பி வெளியே வந்தால் சிவந்த வானமும் அழுகிய மண்ணுமாக கேலிட். ஆரம்ப நிலை ஆட்டக்காரர் அங்கே எதன் முன்னாலும் நிற்க முடியாது. முதல் வாரத்தில் எத்தனை பேர் அந்தப் பெட்டியால் அலறியிருப்பார்கள்! ஆனால் அந்த அலறலுக்குப் பிறகு லிம்கிரேவின் பச்சையைப் பார்க்கும் கண்ணே வேறு.

மியாசாகி பேட்டிகளில் தன் சிறுவயதுப் படிப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நூலகத்திலிருந்து அவர் எடுத்த புத்தகங்களில் முழுக்கப் புரியாதவையும் இருக்குமாம். புரியாத இடங்களைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டு படிப்பாராம். எல்டன் ரிங்கின் கதை நமக்குக் கிடைப்பதும் அப்படித்தான். உடைந்த மோதிரம், சண்டையிட்டுக்கொண்ட தேவ வாரிசுகள், மாண்டவர்கள் மாளாமல் திரியும் நாடு. எல்லாம் ஒரு வாளின் குறிப்பில் இரண்டு வரி, ஒரு சிலையின் முகம், ஒரு பைத்தியக்காரனின் புலம்பல் என்று சிதறிக் கிடக்கின்றன. சேர்த்துப் பார்ப்பது நம் பாடு.

சேர்த்துப் பார்க்கத் துணைக்கு ஆள் உண்டு. முன்னால் போனவர்கள் தரையில் எழுதிவிட்டுப் போன வாசகங்கள் மின்னிக்கொண்டிருக்கும். எதை வேண்டுமானாலும் எழுத முடியாது. கொடுத்திருக்கும் சொற்களிலிருந்துதான் கோக்கவேண்டும். முன்னால் பதுங்கல், இங்கே குதித்துப் பார், பொய்யன் எழுதியதை நம்பாதே என்ற ரீதியில் இருக்கும். ஒரு ஆமையைச் சுற்றிப் பலர் விடாமல் 'நாய்' என்று எழுதிவைத்தது உலகப் பிரசித்தம். நாம் எழுதியதை யாராவது நல்லது என்று குறித்தால் அந்தக் கணமே நம் உயிர்க்கோடு ஏறும். பாஸ் எனப்படும் பெரிய எதிரி ஒருவனிடம் கடைசிச் சொட்டு உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கோ இருக்கும் ஒருவர் தட்டிய தட்டில் கோடு நிரம்புவதை அனுபவித்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

முகமறியாதவர்களின் இந்த உதவிக்குப் பின்னால் ஒரு நிஜச் சம்பவம் உண்டு. கடும் பனியில் ஒரு மேட்டுச் சாலையில் மியாசாகியின் காரும் முன்னும் பின்னும் இருந்த கார்களும் ஏற முடியாமல் வழுக்கின. பின்னால் வந்த கார் முன்னதை முட்டித் தள்ள, ஒன்றையொன்று தள்ளியே எல்லாம் மேலேறின. நின்று நன்றி சொல்ல வழியில்லை. நின்றால் மறுபடி சிக்கிக்கொள்ளும். கடைசி கார் ஏறியதா என்று தெரியாமலே அவர் போய்விட்டார். அந்த நினைவுதான் டீமன்ஸ் சோல்ஸ் காலத்திலேயே இந்த ஏற்பாட்டுக்கு வித்தானது.

குறைகளும் இருந்தன. கணினியில் ஆடியவர்களுக்கு முதல் நாளிலேயே படம் திக்கித் திக்கி ஓடியது. ஸ்டீமில் அந்தக் கோபம் நியாயமாகவே வெளிப்பட்டது. ஆரம்பப் பயிற்சிக்கூடம் ஒரு பள்ளத்துக்குள் ஒளிந்திருக்க, பலர் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போனார்கள். சந்தித்த பாத்திரங்கள் எங்கே என்று குறித்துவைக்க மேப்பில் வசதி இல்லாமல் இருந்து, மார்ச் மாத அப்டேட்டில்தான் வந்தது. கேமின் மௌனத்தை நேசிக்கிற நானே இந்த அப்டேட்டை வரவேற்றேன். ஒருவரை ஒருமுறை சந்தித்த பிறகு அவர் நின்ற இடத்தை நினைவில் வைத்திருப்பதில் எந்தக் கண்டுபிடிப்பும் இல்லை.

முதல் வாரத்து அனுபவத்துக்கு இணையாக எனக்குத் தோன்றுவது, பெரிய நடிகரின் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சி. அடுத்து என்ன என்று அரங்கில் ஒருவருக்கும் தெரியாது. அந்த அறியாமையில் எல்லோரும் சமம். நண்பர்கள் சந்தித்தால் ஒருவர் பார்த்தது இன்னொருவர் பார்த்ததாக இருக்காது. நீ அந்த லிஃப்டில் ஏறினாயா, அந்தப் பெட்டியைத் திறந்தாயா என்றே பேச்சு ஓடும். இன்று எல்லாவற்றுக்கும் வழிகாட்டிக் காணொளி வந்துவிட்டது. எந்த மூலையில் எந்த வாள் என்பது ஒரு தேடலில் கிடைக்கிறது.

இனிமேல் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்கிட் விழும்வரையாவது வழிகாட்டிகளைத் திறக்காதீர்கள். அவன் விழவில்லையென்றால் தெற்கே போங்கள். ஆன்லைனை அணைத்துவிட்டு ஆடாதீர்கள். பிறர் எழுதிய வாசகங்கள் இல்லாவிட்டால் பாதி உலகம் காலி. உங்களுக்கு உதவிய வாசகத்தை நல்லது என்று குறித்துவிட்டுப் போங்கள். எழுதியவர் அந்த நேரம் எந்த பாஸின் முன்னால் நின்றுகொண்டிருக்கிறாரோ, தெரியாது.