பதினான்காம் நாள் கணக்கு

தூங்கி எழுந்த ஐந்து மாதக் குழந்தையின் தலை சட்டென்று முன்னால் கவிழ்கிறது. இரண்டு கைகளும் பக்கவாட்டில் விரிகின்றன, முழங்கால் வயிற்றை நோக்கி மடங்குகிறது. எல்லாம் ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு. சில நொடி கழித்து மறுபடியும் அதே வெட்டு. இப்படியே அடுக்கடுக்காக இருபது, முப்பது முறை வந்து, கடைசியில் குழந்தை வீறிட்டு அழுகிறது. “தூக்கிவாரிப் போடுது” என்பார் ஒருவர். மாந்தம், வயிற்றுவலி, உரம் விழுந்திருக்கிறது என்று ஆளுக்கொரு காரணம் வரும். வாயில் நுரை தள்ளவில்லை, உடம்பு விறைத்து இழுக்கவில்லை. அதனால் இது வலிப்பு என்று வீட்டில் யாருக்கும் தோன்றாது. சில சமயம் மருத்துவருக்கும் தோன்றாது.

இதற்கு மருத்துவத்தில் இன்ஃபன்டைல் ஸ்பாசம் என்று பெயர். பெரும்பாலும் மூன்றாம் மாதத்துக்கும் பன்னிரண்டாம் மாதத்துக்கும் இடையில் தொடங்கும். சில ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். வெட்டு பார்க்கச் சிறியது, விளைவோ பெரியது. பல குழந்தைகளுக்குச் சில வாரங்களிலேயே சிரிப்பு குறைகிறது, முகம் பார்ப்பது நின்றுபோகிறது, குப்புற விழப் பழகிய குழந்தை அதையும் விட்டுவிடுகிறது. குழந்தைகளின் வலிப்பு பற்றிய ஆய்வுகளில் முறையாக நடந்த மருந்துச் சோதனைகள் சில இந்த நோயில்தான் நடந்தன. அவை கையாண்ட முக்கிய அளவுகோல், மருந்து தொடங்கிய பதினான்காம் நாளில் வெட்டு நின்றிருக்கிறதா என்பது. இந்த அளவுகோல் எதைக் காட்டிக்கொடுத்தது, எதைக் கண்ணில் படாமல் விட்டது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அதன் சிறப்பு. 1841இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் தன் சொந்த மகனுக்கு வந்த இந்த நோயை விவரித்து ‘லான்செட்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். அட்டை விட்டுப் பார்த்தார், பேதிமருந்து கொடுத்தார், ஈறைக் கீறினார், ஒன்றும் பலிக்கவில்லை. 1952இல் கிப்ஸ் தம்பதியர் இந்தக் குழந்தைகளின் மூளை அலைப் பதிவில் தெரியும் தாறுமாறான, உயரமான அலைகளுக்கு ஹிப்ஸ்அரித்மியா என்று பெயரிட்டார்கள். 1958இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த சோரலும் உடன்பணியாற்றியவரும் ஏசிடிஎச் என்ற ஹார்மோன் ஊசிக்கு இந்த நோய் கேட்கிறது என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஊருக்கொரு மருந்து, மருத்துவருக்கொரு அளவு என்றுதான் போயிற்று. ஏசிடிஎச் ஊசியா, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையா, விகபாட்ரின் என்ற வலிப்பு மருந்தா என்பதை அவரவர் அனுபவமே முடிவு செய்தது.

இந்த நிலையை மாற்றியது 2004இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு. அபூர்வ நோய் என்பதால் ஒரே மருத்துவமனையில் போதிய குழந்தைகள் கிடைக்க மாட்டார்கள். எனவே 150 மருத்துவமனைகளிலிருந்து 107 குழந்தைகளைச் சேர்த்து, யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். பதின்மூன்றாம், பதினான்காம் நாள்களில் ஒரு வெட்டுகூட வராமல் இருந்தால் மருந்து வென்றது என்று கணக்கு. ஹார்மோன் மருந்து (ஏசிடிஎச் ஊசி அல்லது பிரெட்னிசலோன் மாத்திரை) பெற்றவர்களில் 73 சதவீதம் பேருக்கு வெட்டு நின்றது, விகபாட்ரின் பெற்றவர்களில் 54 சதவீதம் பேருக்கு. ஹார்மோன் பிரிவுக்குள் மாத்திரைக்கு 70 சதவீதம், ஊசிக்கு 76 சதவீதம் என்று வந்தது. அந்த இரண்டையும் மோதவைத்துத் தீர்ப்புச் சொல்லப் போதிய எண்ணிக்கை ஆய்வில் இல்லை. ஆனாலும் சில ரூபாய் விலையுள்ள மாத்திரையை ஒதுக்கிவைக்க முடியாது என்பது தெரிந்தது. அமெரிக்காவில் 2007இல் ஏசிடிஎச் மருந்தின் ஒரு குப்பி 1,650 டாலரிலிருந்து 23,000 டாலருக்கு மேல் ஏறியதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய சேதி என்று புரியும்.

பதினான்காம் நாள் கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில். தாயே எண்ணிச் சொல்லிவிடலாம், மூளை அலைப் பதிவால் சரிபார்த்துக்கொள்ளலாம். பலன் தராத மருந்தை மாதக்கணக்கில் தொடராமல் இரண்டு வாரத்தில் மாற்ற வேண்டும் என்ற ஒழுங்கையும் இந்த அளவுகோல் வளர்த்தது. இந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

குறை எங்கே என்றால், பிரிட்டன் ஆய்வின் அதே குழந்தைகளைப் பதினான்கு மாத வயதில் பார்த்தபோது ஹார்மோன் பிரிவில் 75 சதவீதமும் விகபாட்ரின் பிரிவில் 76 சதவீதமும் வெட்டில்லாமல் இருந்தார்கள். இரண்டாம் வாரத்தில் தெரிந்த முந்துதல் கரைந்துவிட்டது. மொத்தமாகப் பார்த்தால் வளர்ச்சியிலும் வேறுபாடு இல்லை. காரணம் கண்டறிய முடியாத குழந்தைகளிடம் மட்டும் ஹார்மோன் பிரிவுக்கு வளர்ச்சி மதிப்பெண் கூடுதலாக வந்தது. நான்கு வயதிலும் அது தொடர்ந்தது. 2017இல் 377 குழந்தைகளை வைத்து வந்த அடுத்த ஆய்வு, ஹார்மோனையும் விகபாட்ரினையும் சேர்த்துக் கொடுத்தால் 72 சதவீதம், ஹார்மோன் மட்டும் என்றால் 57 சதவீதம் என்று காட்டியது. ஆனால் பதினெட்டு மாத வயதில் அளந்தபோது இரு பிரிவினரின் வளர்ச்சியும் ஒன்றாகவே இருந்தது. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபுநோய் உள்ள குழந்தைகளுக்கு வலிப்பு வருமுன்பே விகபாட்ரின் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்விலும் இதே கதைதான். ஸ்பாசம் குறைந்தது, இரண்டு வயதில் அறிவு வளர்ச்சி மேம்படவில்லை. பெற்றோர் கேட்பது, குழந்தை உட்காருமா, பேசுமா, பள்ளிக்குப் போகுமா என்று. வெட்டு நின்றதா என்ற கேள்விக்குக் கிடைத்த பதிலை இதற்கும் பதிலாக எடுத்துக்கொள்வது தவறு.

இன்னொரு குறை, ஓரிடத்துப் பதில் வேறிடத்துக்குப் பொருந்தாமல் போவது. அமெரிக்க மருத்துவமனைகளின் கூட்டமைப்பு 230 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில் ஏசிடிஎச் 55 சதவீதம், வாய்வழி ஸ்டீராய்டு 39 சதவீதம் என்று ஊசியே முந்தியது. கொழும்பில் ஜிதாங்கி வணிகசிங்க குழுவினர் 97 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வில் மாத்திரை முந்தியது. இரண்டும் பொய்யில்லை. அமெரிக்காவில் கிடைப்பது இயற்கை ஏசிடிஎச். கொழும்பில் கொடுத்தது நீண்டநேரம் வேலை செய்யும் செயற்கை வகை. ஓரிடத்தில் மருந்தைத் தேர்ந்தவர் மருத்துவர், இன்னோரிடத்தில் குலுக்கல். மருந்தின் அளவும் நோயின் காரணமும் வேறு. நம் நாட்டில் இந்த நோய்க்குப் பின்னால் பெரும்பாலும் பிரசவத்தின்போது மூச்சுத்திணறியதோ, பிறந்த முதல் நாள்களில் ரத்தச் சர்க்கரை இறங்கியதோ இருக்கிறது. ஆகவே வெளிநாட்டுச் சதவீதத்தைவிட, கொழும்பு ஆய்வு போல நம் மருந்தில், நம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுக்கே நமக்கு மதிப்பு அதிகம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இந்தக் கணக்கு மருந்து கொடுத்த நாளிலிருந்து தொடங்குவது. நோய் தொடங்கியதோ வீட்டில், பல வாரங்களுக்கு முன்பு. பிரிட்டன் ஆய்வுக் குழந்தைகளின் நான்கு வயது மதிப்பெண்ணை வைத்து 2011இல் இன்னொரு கணக்குப் போட்டார்கள். முதல் வெட்டுக்கும் சிகிச்சைக்கும் இடையிலான காலத்தை ஒரு வாரத்துக்குள், இரண்டு வாரம், ஒரு மாதம், இரண்டு மாதம், அதற்கும் மேல் என ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு படி தாமதத்துக்கும் வளர்ச்சி மதிப்பெண்ணில் 3.9 புள்ளி குறைந்தது. முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் இடையே ஏறத்தாழ 16 புள்ளி. சராசரி 100 என்று வைத்த அளவுகோலில் இது சின்ன இறக்கமில்லை.

தாமதத்தைக் குலுக்கிப் போட்டுச் சோதிக்க முடியாது, சீக்கிரம் வந்த குழந்தைகளின் நோயே வேறுவிதமாக இருந்திருக்கலாம் என்று மறுப்புச் சொல்லலாம். நியாயமான மறுப்புத்தான். காரணத்தையும் மருந்தையும் கணக்கில் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது என்பதே அதற்குக் கிடைக்கும் பதில். முழு நிரூபணம் இல்லாவிட்டாலும், குழந்தையைச் சீக்கிரம் கொண்டுவருவதால் யாருக்கும் கேடில்லை.

தாமதம் நேரும் இடங்களும் தெரிந்தவைதான். நமது தடுப்பூசி அட்டவணையில் 6, 10, 14 வாரங்களில் ஊசி. அடுத்தது ஒன்பதாம் மாதம். ஸ்பாசம் அதிகமாகத் தொடங்கும் மாதங்கள் அந்த இடைவெளிக்குள்தான் விழுகின்றன. செவிலியர் கண்ணில் குழந்தை படாத காலம் அது. அடுத்து மூளை அலைப் பதிவு. குழந்தை தூங்கும்போது எடுத்தால்தான் பல சமயம் கோளாறு தெரியும். தலையில் எண்ணெய் வைக்காமல் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, வழியெல்லாம் தூங்கவிடாமல் கொண்டுவந்து, ஆய்வகத்தில் பாலூட்டித் தூங்கவைக்க வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லாததால் விழித்து அழும் குழந்தைக்கு அரைமணி நேரம் எடுத்த பதிவில் ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுத்தால், அந்த ஒரு சொல் குழந்தையை மாதக்கணக்கில் வீட்டிலேயே வைத்துவிடும்.

பதினான்காம் நாள் கணக்கைக் கைவிடத் தேவையில்லை. எந்த மருந்து வேலை செய்கிறது என்பதை அறிய அதைவிடத் தெளிவான வழி இல்லை. ஆனால் இனி வரும் ஒவ்வோர் ஆய்வும் முதல் வெட்டிலிருந்து முதல் மாத்திரை வரை எத்தனை நாள் என்பதையும் முதன்மை விளைவாக அளக்க வேண்டும், அதைக் குறைக்கும் வழிகளையும் மருந்தைப் போலவே சோதிக்க வேண்டும். பிறந்தவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்போது, இந்த வெட்டு எப்படியிருக்கும் என்று தாய்க்கு ஒரு நிமிட வீடியோவில் காட்டி அனுப்புவது அப்படியொரு வழி, செலவும் அதிகமில்லை.

ஆய்வாளர்கள் செய்யும்வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டாம். தூங்கி எழும் நேரத்தில் குழந்தைக்கு ஒரே மாதிரியான வெட்டு அடுக்கடுக்காக வந்தால், கைப்பேசியில் படம் பிடியுங்கள். அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் அந்தப் படத்தைக் காட்டி, இது ஸ்பாசமா என்று நேராகக் கேளுங்கள். தூக்கத்தில் எடுக்கும் மூளை அலைப் பதிவையும் கேட்டுப் பெறுங்கள்.