பேரேடும் துப்பாக்கியும்

ப. சிங்காரம் எழுதிய நாவல்கள் இரண்டே. ‘கடலுக்கு அப்பால்’ 1959இல் நூலாக வந்தது. ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வந்தது. இவற்றுள் பின்னதற்கே பெரும்புகழ். கடல் கடந்த தமிழர் வாழ்வைக் கூறும் சிறந்த நாவல் எது என்று வினவினால், தமிழகத்துத் திறனாய்வாளர் பலரும் அதனையே சுட்டுவர். முன்னதைப் பற்றிப் பேசுவோர் சிலர். அவர்களிலும் பலர், பெரிய நாவலுக்கு எழுதிப் பார்த்த முன்வரைவு அது என்பதுபோல் ஒரு வரி சொல்லிக் கடந்துவிடுகின்றனர். இரண்டையும் வெளிவந்த முறைப்படியே அடுத்தடுத்துப் படிக்கும் வாசகருக்கு இத்தீர்ப்பு எளிதில் ஏற்புடையதாகாது. பெரிய நாவல் பெரியதே, அதில் ஐயமில்லை. எனினும், சிறிய நாவலின் ஓர் இடத்தில் ஆசிரியர் எட்டிய உயரத்தைப் பெரிய நாவலின் வீரச்செயல்கள் எவையும் எட்டவில்லை. அந்த இடம் போர்க்களத்தில் இல்லை. ஒரு வட்டிக்கடையில் இருக்கிறது.

சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தார். 1938இல் சுமத்திராத் தீவின் மேடான் நகருக்குப் பிழைப்புத் தேடிச் சென்றார். டச்சுக்காரர் ஆட்சி வீழ்ந்ததையும், ஜப்பானியர் வந்ததையும், போர் ஓய்ந்ததையும் அக்கரையில் இருந்தே கண்டார். 1946இல் தாயகம் மீண்டவர், மதுரையில் ‘தினத்தந்தி’ நாளிதழில் நெடுங்காலம் பணியாற்றி, 1997இல் மறைந்தார். முதல் நாவல் ‘கலைமகள்’ நடத்திய போட்டியில் பரிசு பெற்றது. இரண்டாவது, எழுதி முடித்தபின் பத்தாண்டளவு கிடந்தே அச்சேறியது. மூன்றாவதை அவர் எழுதவில்லை. பரிசு பெற்ற ஒருவரையே பத்தாண்டு காக்கவைத்த பதிப்புலகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை.

வட்டித்தொழில் என்றதும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களே நினைவுக்கு வருவர். அவர்கள் வகுத்த வழியில் பிற சாதியாரும் பினாங்கிலும் மேடானிலும் கடை வைத்திருந்தனர். கடைக்குக் கடை ஓர் ஒழுங்கு உண்டு. மேலே முதலாளி, அவர் ஊரில் இருப்பின் கடையை நடத்தும் மேலாள், அவருக்கு அடுத்தபடி அடுத்தாள், வரவு செலவு எழுதிப் பெட்டியைக் காக்கும் பெட்டியடி, எல்லார்க்கும் கீழே ஏவல் செய்யும் பையன். பையனாகக் கப்பலேறியவன் பேரேட்டைத் தொடும் நிலைக்கு உயரச் சில ஆண்டுகள் ஆகும். தரையில் சம்மணமிட்டு, முன்னே சாய்வுப்பெட்டி வைத்து, காலைமுதல் விளக்கு வைக்கும்வரை அமர்ந்திருக்கும் வாழ்வு அது. வாங்கியவன் வசவு பேசினாலும் முகம் மாறக்கூடாது. பணம் கொடுக்கும்போது காட்டும் சிரிப்பைப் பணம் வராதபோதும் காட்ட வேண்டும். இந்த உலகத்தைச் சிங்காரம் வெளியில் நின்று வேடிக்கை பார்த்து எழுதவில்லை. அவரே அதனுள் இளமையைக் கழித்தவர். ஆதலால் அவர் நடையில் பற்று, வரவு, நிலுவை, ஐந்தொகை முதலிய சொற்கள் அலங்காரமாக வந்து ஒட்டவில்லை. பாத்திரங்கள் மூச்சு விடுவதுபோல் வருகின்றன.

‘கடலுக்கு அப்பால்’ நாவலின் வயிரமுத்துப் பிள்ளை, ‘வானாயீனா’ என்னும் விலாசத்தால் பினாங்கில் அறியப்பட்ட வட்டிக்கடை முதலாளி. போர்க்காலத்தில் மகனைப் பறிகொடுத்தவர். மகள் மரகதம் இருக்கிறாள். கடையில் வளர்ந்த செல்லையாவுக்கே அவள் என்று வீட்டார் எண்ணியிருந்தனர். இருவர் மனமும் ஒன்றியிருந்தது. இடையே செல்லையா நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்துவிடுகிறான். 1945இல் போர் முடிந்து திரும்புகிறான். பிள்ளை அவனை மருமகனாக ஏற்க மறுக்கிறார். மரகதத்தை நாகலிங்கம் என்னும் மற்றொரு கடைப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறார். கதை இவ்வளவே.

சாதாரண எழுத்தாளர் கையில் இது கல்நெஞ்சத் தந்தையும் கலங்கும் காதலரும் கொண்ட கண்ணீர்க் கதையாகியிருக்கும். சிங்காரம் அவ்வாறு செய்யவில்லை. பிள்ளை செல்லையாவை வெறுப்பவர் அல்லர். அவன் திறமையை அவரைப்போல் அறிந்தவர் யாருமில்லை. அவர் காரணம் ஒன்றே: துப்பாக்கி தூக்கியவன் கடைக்கு ஆகமாட்டான். பணிந்து பேசவும், பொறுத்திருக்கவும், ஐந்து வெள்ளிக்காகப் பத்து முறை ஒருவன் வாயிலில் நிற்கவும் பழகிய உடம்பு, படைக்குப் போனபின் வேறோர் உடம்பாகிவிடுகிறது என்பது அவர் கணிப்பு. வாழ்நாள் முழுதும் ஆளை எடைபோட்டுக் கடன் கொடுத்த ஒருவரின் கணிப்பு அது. இதில் நாவலின் நுட்பம் எங்கே என்றால், அவர் சொல்வது பொய்யன்று. செல்லையா மாறித்தான் வந்திருக்கிறான். அவன் நடையும் பேச்சும் வேறாகிவிட்டன. வாசகர் அதைக் காண்கிறார். காதலர் பிரியக்கூடாது என்றும் விழைகிறார். பிள்ளை கணக்கில் பிழையில்லை, ஆயினும் அநீதி நேர்கிறது. மகனை இழந்தவர் கடைக்கு ஒரு வாரிசைத் தேடுகிறார். மகளுக்கு ஒரு கணவனைத் தேட மறந்துவிடுகிறார். ஓர் ஐந்தொகையில் எல்லாம் பொருந்தியிருக்க, எழுதப்படாத ஓர் இனம் மட்டும் விடுபட்டிருப்பது போன்ற துயரம் இது. தமிழ் நாவலில் தந்தைமார் பலர் உண்டு; அன்பும் கொடுமையும் இவ்வாறு ஒரே அறிவிலிருந்து பிறக்கும் தந்தையர் மிகச் சிலரே.

‘புயலிலே ஒரு தோணி’ வேறு அளவில் எழுந்த நூல். ஜப்பானியர் மேடானுள் நுழைந்த 1942ஆம் ஆண்டில் தொடங்குகிறது. நகர மக்கள் கடைகளைச் சூறையாடுவதும், ஒழுங்கை நிலைநாட்ட வெட்டப்பட்ட தலைகள் தெருவில் காட்சிக்கு வைக்கப்படுவதும் எவ்விதக் கூக்குரலும் இன்றிச் சொல்லப்படுகின்றன. பதறாத அந்த நடையே படிப்பவரைப் பதறச் செய்கிறது. பின்னர்த் தொங்கான்களில் மலாக்கா நீரிணையைக் கடந்து பினாங்கு செல்லும் பயணமும் புயலும் வருகின்றன. அங்கே வாக்கியங்கள் முறிந்து, வினைமுற்று இழந்து, அலைமேல் அலையாக வருகின்றன. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் சிவப்பு மை தொட்டுத் திருத்த விரும்பக்கூடும். திருத்தினால் புயல் ஓய்ந்துவிடும்.

இவற்றினும் மேலானவை கதைத்தலைவன் பாண்டியன் ஊரை நினைக்கும் பக்கங்கள். சின்னமங்கலத்துச் சந்தையும் மதுரைத் தெருக்களும் எந்த வரிசையுமின்றி அவன் மனத்தில் எழுகின்றன. எந்தக் கடைக்கு அடுத்தது எந்தக் கடை, யார் என்ன விற்றார், யார் குரல் எப்படியிருந்தது என்று பெயர் பெயராக நினைக்கிறான். இதுவும் ஒருவகைப் பேரேடுதான். ஊரைவிட்டு வந்தவன் இழந்ததை இனம் இனமாக எழுதிவைக்கிறான். இந்நூலின் சொல்லாட்சியைப் பற்றி ஒன்று கூறலாம். தவுக்கே, கம்போங், தொங்கான் ஆகிய சொற்களுக்கு மதுரை வாசகர் விளக்கம் தேடுவார். பினாங்கு வாசகருக்கு அவை வீட்டுச் சொற்கள். சின்னமங்கலத்துச் சந்தைக்குள் நுழைந்ததும் நிலைமை தலைகீழாகும். இரு கரையாரும் ஒருவரிடம் ஒருவர் பொருள் கேட்டே முழுதும் படிக்கக்கூடிய நூல் தமிழில் வேறு அதிகமில்லை.

ஆயினும் பாண்டியன் துப்பாக்கியை எடுத்ததும் நாவல் தளர்கிறது. எதிரி எவனாயினும் அவன்முன் வீழ்கிறான். பெண் எவளாயினும் மயங்குகிறாள். எச்சூழ்ச்சியும் அவனுக்கு முன்கூட்டியே விளங்கிவிடுகிறது. வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் வாடை சில அதிகாரங்களில் வீசுகிறது. செல்லையாவை எடைபோட ஒரு வயிரமுத்துப் பிள்ளை இருந்தார். பாண்டியனை எடைபோட அவனையொத்த ஆள் எவருமில்லை. அவன் இறுதியில் சுடப்பட்டு, ஊர் திரும்பாமலே மாள்கிறான். அம்முடிவு நெஞ்சைத் தொடுவதற்குக் காரணம் அவன் வீரமன்று, மேலே சொன்ன சந்தை நினைவுகளே.

தமிழாசிரியர்கள் நின்று எண்ண வேண்டிய பகுதி ஒன்று உண்டு. பினாங்கில் பாண்டியனும் மாணிக்கம் முதலிய நண்பர்களும் கூடிப் பேசும் இடங்களில், தமிழ்ப்பெருமைப் பேச்சு கடுமையான கேலிக்கு உள்ளாகிறது. மேடைகளில் கைதட்டல் பெறும் பழம்பெருமைகளைப் பழைய நூல்களின் நடையிலேயே திருப்பிப்போட்டு நகைக்கின்றனர். இதனைப் படித்து முகம் சுளிப்போர் இருப்பர். இந்நாட்டில் தமிழ் நிலைக்க வேண்டும் என்று ஒரு தலைமுறை ஆசிரியர்கள் எந்தப் பெருமையைச் சொல்லிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்தனரோ, அந்தப் பெருமையையே நாவல் சிரிக்கிறது. அவர்கள் உழைப்பைக் கேலி செய்வதா என்று வருந்துவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பழம்பாடல்களை அறியாதவனால் இந்தக் கேலியைச் செய்யவும் முடியாது, சுவைக்கவும் முடியாது. மாணிக்கத்தின் வாயில் பழந்தமிழ் தடையின்றி வருகிறது. நூல்களோடு நெடுநாள் பழகியவனின் உரிமையோடு அவன் பேசுகிறான். கப்பலேறி வந்து பிறர் நாட்டில் பிறர் போரில் சிக்கிய இளைஞர்கள், தங்கள் முன்னோரின் வெற்றி முழக்கத்தைத் தங்கள் நிலைமையோடு வைத்துப் பார்த்துச் சிரிக்கின்றனர். அச்சிரிப்பின் அடியில் கிடப்பது கசப்பு. இந்நாவல் பள்ளிச் சிறுவர்க்கு உரியதன்று; மதுவும் பரத்தையர் தெருவும் அதில் ஒளிவின்றி வருகின்றன. கல்லூரி மாணவர்க்கு இதனைச் சிலப்பதிகாரத்தோடு பக்கம் பக்கமாக வைத்துப் பாடம் சொல்லலாம். சிலம்பைத் துதிக்க மட்டும் பழகிய மாணவன், அதைப் பற்றி ஒருவன் சண்டையிடுவதைக் கண்டால் மூலத்தைத் திறந்து பார்க்கவேனும் செய்வான்.

குறை சொல்ல வேண்டிய இடங்களும் உள. மரகதம் கண்ணீரும் மௌனமுமாகவே நிற்கிறாள். தந்தையின் கணக்கில் விடுபட்டவள், ஆசிரியர் கணக்கிலும் முழுமையாக ஏறவில்லை. பெரிய நாவலின் பெண்களோ பெரும்பாலும் பாண்டியனின் வழியில் வந்து போகும் நிழல்கள்.

இதனினும் பெரிய குறை, இந்நாட்டு வாசகர் கண்ணுக்கே உடனே படுவது. இவ்விரு நாவல்களிலும் கடைத்தெருத் தமிழரும் படைத் தமிழரும் நிறைந்திருக்கின்றனர். ரப்பர்த் தோட்டத்துத் தமிழர் ஓரத்திலேயே நிற்கின்றனர். மலாயாவுக்கு வந்த தமிழரில் மிகப் பலர் தோட்டத்துக்கு வந்தவர்களே. அதே போர்க்காலத்தில், 1942க்கும் 1943க்கும் இடையே, சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்தில் ஜப்பானியர் அமைத்த இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டவர்களில் அவர்கள் எத்தனையோ பேர். வட்டிக்கடையின் சாய்வுப்பெட்டிக்குப் பின்னிருந்து பார்த்தால் கடன் வாங்க வருபவன் தெரிவான். கடன் கொடுக்கத் தகாத பால்மரத் தொழிலாளி தெரியமாட்டான். சிங்காரம் தாம் அறிந்ததை எழுதினார்; அறியாததை எழுதவில்லை என்று அவருக்காக வாதாடலாம். ஆனால் கடல் கடந்த தமிழர் வாழ்வு முழுவதற்கும் இந்நூல்களே சான்று என்று அக்கரைத் திறனாய்வாளர் சொல்லும்போது, அந்த வாதம் அவர்களுக்கு உதவாது. விடுபட்ட கதையை எழுதும் பணி இங்குள்ளவர் கைக்கே வந்தது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, தமிழாசிரியராக இருந்த அ. ரெங்கசாமி 2005இல் வெளியிட்ட ‘நினைவுச் சின்னம்’ ஆகியவை அப்பாதையைப் பற்றியன. ‘புயலிலே ஒரு தோணி’யை முடித்தவர் அலமாரியில் அடுத்து எடுக்க வேண்டியவை அவையே.